எபெனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், ஆபர்ன் அவென்யூ என்ற தெருவில் இருக்கிறது எபெனேசர் பாப்டிஸ்ட் சபை. தமிழில் அதை மார்ட்டின் லூதர் கிங்கின் சபை என்றே எழுதிப் பழகிவிட்டோம். அந்தப் பிரசங்க பீடத்தில் அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் யார், எந்த ஊர், என்ன குடும்பம், என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

சபை எப்போது தொடங்கியது? எபெனேசர் என்ற பெயருக்கு என்ன பொருள்?

1886இல் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. போருக்குப் பின் கறுப்பின மக்களுக்குக் கிடைத்த உரிமைகளைத் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் போதகர் ஜான் ஏ. பார்க்கர் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துச் சபையை நிறுவினார்.

பெயர் வேதாகமத்திலிருந்து வந்தது. சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி அதற்கு எபெனேசர் என்று பேரிட்டார். நம் ஊரிலும் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்தான். அடிமை வாழ்விலிருந்து அப்போதுதான் கரையேறிய ஒரு கூட்டம் அந்த வசனத்தைத் தங்கள் சபைக்குப் பெயராக எடுத்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். "இம்மட்டும்" என்ற சொல்லில் கடந்து வந்த தூரமும் இருக்கிறது, இனிப் போக வேண்டிய தூரமும் இருக்கிறது.

இதுவரை எத்தனை பேர் தலைமைப் போதகர்களாக இருந்திருக்கிறார்கள்?

ஐந்தே பேர். ஜான் ஏ. பார்க்கர் 1886 முதல் 1894 வரை, ஆடம் டேனியல் வில்லியம்ஸ் 1894 முதல் 1931 வரை, மார்ட்டின் லூதர் கிங் சீனியர் 1931 முதல் 1975 வரை, ஜோசப் எல். ராபர்ட்ஸ் 1975 முதல் 2005 வரை. 2005 முதல் ராஃபேல் வார்னாக். முதல்வரைத் தவிர யாரும் முப்பது ஆண்டுக்குக் குறைந்து விலகவில்லை. வார்னாக்கும் இருபது ஆண்டைத் தாண்டிவிட்டார்.

மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் இந்தப் பட்டியலில் இல்லையே?

இல்லை. அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்டவர்கள் பெரும்பாலும் நம்ப மறுக்கிறார்கள். அவர் எபெனேசரின் தலைமைப் போதகராக ஒருநாளும் இருந்ததில்லை. 1960 முதல் 1968இல் கொல்லப்படும்வரை அவர் இணைப் போதகர். தலைமைப் போதகர் அவருடைய அப்பா.

அவர் தலைமைப் போதகராக இருந்தது வேறொரு சபையில்: அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையில். 1954 முதல் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். பேருந்துகளில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து 381 நாள் நடந்த பேருந்துப் புறக்கணிப்புக்கு அவர் தலைமை ஏற்றது அந்தச் சபையின் போதகராக இருந்தபோதுதான். போராட்டப் பணி பெருகிப் பெருகி, அவர் தலைமை தாங்கிய தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பின் அலுவலகம் இருந்த அட்லாண்டாவுக்கே வர வேண்டியதாயிற்று. ஊர் ஊராகச் சுற்றும் ஒருவர் தனியாக ஒரு சபையைச் சுமக்க முடியாது. அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். மகன் சிறையில் இருந்த ஞாயிறுகளிலும் எபெனேசரில் ஆராதனை நடந்தது, திருமணங்கள் நடந்தன, அடக்க ஆராதனைகள் நடந்தன. அதற்குக் காரணம் மூத்தவர். இதைச் சொல்வதால் மகனின் பெருமை குறைந்துவிடாது. அவர் எந்தத் தோளில் சாய்ந்து நின்றார் என்பது தெரியவரும்.

பாப்டிஸ்ட் சபையில் போதகரை நியமிப்பது யார்?

சபையார்தான். இது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். சி.எஸ்.ஐ. போன்ற திருச்சபைகளில் பேராயர் இருக்கிறார். போதகரை ஒரு சேகரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார். பாப்டிஸ்ட் முறையில் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னளவில் முழுமையானது. போதகர் வேண்டுமென்றால் சபையே தேடும், அழைத்துப் பிரசங்கம் கேட்கும், கூடி வாக்களிக்கும். அதற்கு "அழைப்பு" என்று பெயர். அழைத்த சபைக்கே அவரை அனுப்பிவைக்கும் உரிமையும் உண்டு.

ஊழியத்துக்கு வரும் வழியும் இதே போலத்தான். ஒருவர் தனக்குத் தேவ அழைப்பு இருப்பதாகச் சொந்தச் சபையில் அறிக்கையிடுவார். சபை அவரைச் சோதித்துப் பார்க்க ஒரு பிரசங்கம் செய்யச் சொல்லும். நிறைவாக இருந்தால் பிரசங்கிக்க அனுமதி தரும். பிறகு மூத்த போதகர்கள் கூடி வேதமும் உபதேசமும் பற்றிக் கேள்வி கேட்டு, கைகளை வைத்து அபிஷேகம் செய்வார்கள். இறையியல் பட்டம் எல்லாச் சபைகளிலும் கட்டாயமில்லை. அதனால்தான் எபெனேசரின் தொடக்க காலப் போதகர்களில் பள்ளிக்கூட வாசலை ஒழுங்காக மிதிக்காதவர்களும், பிற்காலத்தவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

ஏ. டி. வில்லியம்ஸ் எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்?

அடிமைகளின் மகன். ஜார்ஜியாவின் கிரீன் கவுண்டியில் பிறந்தவர். அவருடைய தந்தை வில்லிஸ், அடிமையாக இருந்துகொண்டே பிரசங்கம் செய்தவர். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. அதற்கு மறுநாளைத் தன் பிறந்த நாளாக வில்லியம்ஸ் கொண்டாடிவந்தார். உண்மையில் ஓரிரு வயது மூத்தவராக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு அந்தத் தேதி ஒரு தகவலாகத் தெரியவில்லை, ஒரு மனிதர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட முதல் வரியாகத் தெரிகிறது.

சிறுவனாக இருந்தபோது செத்துப்போன பாம்பு, பூனை, நாய், குதிரை எல்லாவற்றுக்கும் அடக்கப் பிரசங்கம் செய்வாராம். சபையின் பழைய வரலாற்றுக் குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. வளர்ந்ததும் மர அறுவை மில் விபத்தில் ஒரு கட்டைவிரலை இழந்தார். 1893 தொடக்கத்தில் அட்லாண்டாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 14 அன்று எபெனேசரின் போதகரானார். அப்போது சபையில் இருந்தவர்கள் 13 பேர். கட்டி முடித்த ஆலயமும் இல்லை. முதல் ஆண்டிலேயே 65 பேரைச் சேர்த்தார். 1913 வாக்கில் எண்ணிக்கை 750 ஆகியிருந்தது.

போதகரான பிறகுதான் படிக்கப் போனார் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அட்லாண்டா பாப்டிஸ்ட் கல்லூரியில் சேர்ந்து 1898இல் ஊழியப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் மோர்ஹவுஸ் என்று பெயர் மாறியது.

சபைக்கு வெளியிலும் அவருக்கு வேலை இருந்தது. கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் அட்லாண்டா கிளைக்கு 1918இல் தலைவரானார். அன்று அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிகூடக் கிடையாது. நகராட்சி கடன் பத்திரம் வெளியிட மக்களின் வாக்கு வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவதாக வாக்குத் தராவிட்டால் எங்கள் வாக்கு இல்லை என்று கறுப்பின வாக்காளர்கள் உறுதியாக நின்று, அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் வில்லியம்ஸும் ஒருவர். நகராட்சி இறங்கிவந்தது. 1924இல் புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. அவருடைய பேரன் மார்ட்டின் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

ஆபர்ன் அவென்யூவில் இன்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் செங்கல் ஆலயமும் வில்லியம்ஸ் காலத்தில் கட்டியது. 1914இல் தொடங்கி 1922இல் முடித்தார்கள்.

"டாடி கிங்" என்று சொல்கிறார்களே, அவர் யார்?

மார்ட்டின் லூதர் கிங் சீனியர். 1890களின் இறுதியில், அட்லாண்டாவுக்குத் தெற்கே ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில், விளைச்சலில் பங்குக்காகப் பிறர் நிலத்தை உழுத குடும்பத்தில் பிறந்தார். நிலம் வெள்ளைக்காரருடையது, உழைப்பு இவர்களுடையது, கணக்குப் புத்தகம் மறுபடியும் வெள்ளைக்காரருடையது. தந்தை ஜேம்ஸ் குடிகாரர். ஒரு நாள் குடித்துவிட்டு அம்மாவை அடித்தபோது மகன் குறுக்கே விழுந்து தடுத்தார். அதன் பிறகு அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

பதினைந்து வயதிலேயே ஊர்ச் சபை அவருக்குப் பிரசங்கிக்க அனுமதி கொடுத்திருந்தது. மனப்பாட வசனமும் கிராமத்துப் பாட்டும் நன்றாக வந்தன. எழுத்து வரவில்லை. அட்லாண்டாவுக்கு வந்து இருபது வயதளவில் ஒரு பள்ளியில் சோதித்தபோது ஐந்தாம் வகுப்பு நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். பகலில் வேலை, இரவில் பாடம் என்று படித்தார். ஏ. டி. வில்லியம்ஸின் ஒரே மகள் ஆல்பர்ட்டாவை விரும்பினார். படிப்பில் அவரைத் தூண்டிக்கொண்டே இருந்தவர் ஆல்பர்ட்டா.

மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்க்கைத் தேர்வு எழுதித் தோற்றார். பதிவாளர் இடமில்லை என்றார். நேராகக் கல்லூரித் தலைவர் ஜான் ஹோப்பின் அறைக்குள் போய்த் தன் கதையைச் சொன்னார். ஹோப் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். 1926இல் சேர்ந்து 1930இல் பட்டம் பெற்றார். 1929 ஜனவரி 15 அன்று மகன் மார்ட்டின் பிறந்தபோது அப்பா இன்னும் கல்லூரி மாணவர்.

1931இல் மாமனார் இறந்ததும் சபை இவரை அழைத்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலம், கையில் காசில்லாத சபை. கணக்கை ஒழுங்குபடுத்தி, ஆட்களைச் சேர்த்து, அதைத் தூக்கி நிறுத்தினார். 1930களிலேயே வாக்குரிமை கேட்டு நகர மன்றத்துக்கு ஊர்வலம் நடத்தினார். கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். மகனின் போராட்டம் மாண்ட்கோமரியில் திடீரென்று முளைத்ததாக நினைப்பவர்கள் இந்த இருபது ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

அப்பா, மகன் இருவருக்கும் முதலில் வேறு பெயர் இருந்தது உண்மையா?

உண்மை. இருவரும் மைக்கேல் கிங். 1934இல் மூத்தவர் எருசலேம் உள்ளிட்ட வேதாகம நாடுகளுக்குப் பயணம் போய், ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்த உலக பாப்டிஸ்ட் மாநாட்டிலும் கலந்துகொண்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டு. அந்த நகரிலேயே கூடி, இனவெறியைக் கண்டித்து மாநாடு தீர்மானம் போட்டது. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் நடமாடிய மண்ணைப் பார்த்துத் திரும்பிய பிறகு அப்பாவும் ஐந்து வயது மகனும் மார்ட்டின் லூதர் ஆனார்கள். மூத்தவர் வேறொரு காரணமும் சொன்னதுண்டு: தன் தந்தை, அந்தத் தந்தையின் சகோதரர்களான மார்ட்டின், லூதர் இருவரின் பெயரையும் சேர்த்தே தனக்கு வைக்க விரும்பினார் என்று. இளையவரின் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தியது 1957இல்தான். வீட்டில் அவர் கடைசிவரை "எம். எல்."

81 ஆண்டுகள் ஒரே குடும்பம். இது வாரிசு முறை ஆகாதா?

நியாயமான கேள்வி. 1894 முதல் 1975 வரை மாமனார், மருமகன், இணைப் போதகர்களாக மருமகனின் இரு மகன்கள் என்று பீடம் ஒரே வீட்டைச் சுற்றியே இருந்தது. சபைக்குள் குடும்ப ஆதிக்கத்தால் வரும் கசப்பை அறிந்த எவருக்கும் இது உறுத்தும், உறுத்த வேண்டும்.

ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு முறையும் சபை கூடித்தான் அழைத்தது. டாடி கிங் அதற்கு முன்பே ஈஸ்ட் பாயிண்ட்டில் டிராவலர்ஸ் ரெஸ்ட் என்ற சபையில் போதகராக இருந்தவர், புதியவர் இல்லை. இரண்டு, அந்தக் காலத் தென் மாநிலங்களில் வெள்ளையரின் சம்பளத்தை நம்பாமல் வாழக்கூடிய கறுப்பினத் தலைவர் என்றால் அது பெரும்பாலும் போதகர்தான். ஆசிரியர் வாய் திறந்தால் வேலை போகும். போதகருக்குச் சோறு போடுவது சபை. அந்தச் சுதந்திரத்தை இந்தக் குடும்பம் மூன்று தலைமுறையும் சபையாருக்காகவே செலவழித்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பார்த்தவர்கள் பீடத்தை அனுபவித்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

கிங் ஜூனியரின் கல்வித் தகுதி என்ன?

பதினைந்து வயதில் மோர்ஹவுஸில் சேர்ந்து 1948இல் சமூகவியலில் பட்டம். பென்சில்வேனியாவின் குரோசர் இறையியல் கல்லூரியில் 1951இல் இறையியல் பட்டம். அங்கே வகுப்பில் முதல் மாணவர். 1955இல் போஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

முதலில் ஊழியத்தின் பக்கம் மனம் போகவில்லை. அப்பாவின் சபையில் கைதட்டலும் கூச்சலுமாக நடக்கும் ஆராதனை அந்த இளைஞருக்கு நெருடலாக இருந்தது. மோர்ஹவுஸின் தலைவர் பெஞ்சமின் மேய்ஸ் படித்த, சிந்திக்கிற ஒரு பாப்டிஸ்ட் போதகர். அறிவும் ஆராதனையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அவரிடம் கண்டார். தன் அழைப்பில் அற்புதம் எதுவும் நிகழவில்லை, மனிதருக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற தவிப்பு உள்ளே வளர்ந்தது, அவ்வளவுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். 1947இல் எபெனேசரில் தன் முதல் பிரசங்கம் செய்தார். 1948 பிப்ரவரி 25 அன்று அதே ஆலயத்தில் அபிஷேகம். வயது 19.

அவருடைய ஆய்வேட்டில் பிறர் எழுதியதை எடுத்தாண்டார் என்கிறார்களே?

ஆம். போஸ்டன் பல்கலைக்கழகம் அமைத்த குழு 1991இல் அதை உறுதி செய்தது. சில பகுதிகளில் மூலத்தைச் சரியாகக் குறிப்பிடாமல் எடுத்திருந்தார். பட்டத்தைத் திரும்பப் பெறுவதால் பயனில்லை என்றும், ஆய்வேடு அறிவுத்துறைக்குப் பங்களித்திருக்கிறது என்றும் குழு சொன்னது. அவரை நேசிப்பவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய தம்பியும் போதகராமே?

ஆம், ஆல்ஃபிரட் டேனியல் கிங். எல்லோரும் மறந்துபோன மனிதர், அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1930இல் பிறந்தவர். தாத்தாவின் பெயரைச் சுமந்தவர். ஊழியத்துக்கு அண்ணனைவிடத் தாமதமாக வந்தார். 1959இல் மோர்ஹவுஸ் பட்டம் பெற்றார். அலபாமாவின் பர்மிங்காமில் என்ஸ்லி பகுதிச் சபையின் போதகராக இருந்தபோது, 1963 மே 11 இரவு அவருடைய வீட்டில் குண்டு வெடித்தது. மனைவி மக்களோடு உயிர் தப்பினார். கொதித்துத் தெருவில் திரண்ட மக்களை வன்முறையில் இறங்கவேண்டாம் என்று தடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு கென்டக்கியின் லூயிவில் நகரில் ஊழியம் செய்தார்.

1968இல் அண்ணன் கொல்லப்பட்டார். எபெனேசர் தம்பியை இணைப் போதகராக அழைத்தது. அடுத்த ஆண்டு ஜூலை 21 அன்று தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். வயது 38.

போதகர்களின் வரிசையில் ஆல்பர்ட்டா கிங்கை ஏன் சேர்ப்பதில்லை?

அபிஷேகம் பெற்றவர் இல்லை என்பதால். ஆனால் எபெனேசரின் ஊழியர்களைப் பற்றி எழுதும்போது அவரை விட்டால் கணக்கு தவறு. போதகரின் மகள், போதகரின் மனைவி, இரு போதகர்களின் தாய். ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மணமான பெண்கள் ஆசிரியராக இருக்கக் கூடாது என்ற அன்றைய விதியால் வேலையைத் துறந்தார். பிறகு படித்து 1938இல் பட்டமும் வாங்கினார். நாற்பது ஆண்டுகள் சபையின் ஆர்கன் வாசித்து, பாடகர் குழுவை நடத்தினார். கிங் ஜூனியரின் பிரசங்கங்களில் கேட்கும் அந்த ஏற்ற இறக்கம், வாக்கியத்தை இழுத்து நிறுத்தி எழுப்பும் முறை எல்லாம் அம்மாவின் ஆர்கனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைக்கு வந்தவை என்றே நினைக்கிறேன்.

1974 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையின் நடுவே, ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவரை ஓர் இளைஞன் சுட்டுக் கொன்றான். எட்வர்ட் பாய்கின் என்ற உதவிக்காரரும் உயிரிழந்தார். ஆறு ஆண்டுகளில் இரண்டு மகன்களையும் மனைவியையும் இழந்த டாடி கிங், எந்த மனிதனையும் வெறுக்க மாட்டேன் என்று சொல்லி அதே பீடத்தில் நின்றார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். 1984 நவம்பர் 11 அன்று காலமானார்.

ஏன் இத்தனை பேரும் மோர்ஹவுஸ் மாணவர்கள்?

அருகில் இருந்தது, பாப்டிஸ்டுகளால் தொடங்கப்பட்டது, கறுப்பின ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. 1867இல், விடுதலை பெற்றவர்களில் ஆசிரியர்களையும் போதகர்களையும் உருவாக்கவே அது நிறுவப்பட்டது. வில்லியம்ஸ், மூன்று கிங்குகள், வார்னாக் ஆகிய ஐவரும் அங்கே படித்தவர்கள்.

1975இல் வந்த ஜோசப் ராபர்ட்ஸ் பாப்டிஸ்டே இல்லை என்பது சரியா?

அழைக்கப்பட்டபோது அவர் பிரஸ்பிட்டேரியன் போதகர். அந்தத் திருச்சபையின் அலுவலகப் பொறுப்பில் அட்லாண்டாவில் இருந்தார். கிங் குடும்பத்துக்கு வெளியே, வேறொரு திருச்சபை மரபிலிருந்து ஒருவரை எபெனேசர் அழைத்தது பெரிய துணிச்சல். பேராயரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லாத சபை என்பதால் அது முடிந்தது.

அவர் முன்னால் இருந்த வேலை கடினமானது. தியாகியின் சபை என்று உலகமெங்கும் இருந்து வந்து பார்ப்பார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குத் தேவை நினைவுச்சின்னமல்ல, ஞாயிறுதோறும் ஒரு போதகர். முப்பது ஆண்டுகள் அதைச் செய்தார். தெருவுக்கு எதிர்ப்புறம் புதிய பெரிய ஆலயம் 1999இல் திறக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

பெண்களுக்கு அபிஷேகம் உண்டா?

உண்டு. கிங் ஜூனியரின் இளைய மகள் பெர்னிஸ் 1988இல் எபெனேசரில் முதல் பிரசங்கம் செய்து, 1990இல் அபிஷேகம் பெற்றார். எமரி பல்கலைக்கழகத்தில் இறையியலும் சட்டமும் சேர்த்துப் படித்தவர். பாட்டிக்கு ஆர்கன் மட்டும் கிடைத்த இடத்தில் பேத்திக்குப் பீடம் கிடைத்தது.

இப்போதைய போதகர் ராஃபேல் வார்னாக்கின் பின்னணி?

1969 ஜூலை 23 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது. அரசு குடியிருப்பில் வளர்ந்தார். அப்பா இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்; வார நாட்களில் கைவிடப்பட்ட கார்களை ஏற்றிக் கொண்டுபோய் விற்பார், ஞாயிறன்று பிரசங்கிப்பார். அம்மாவும் போதகர். இருவரும் பெந்தெகொஸ்தே மரபினர். அம்மா இளம் வயதில் பருத்தியும் புகையிலையும் பறிக்கப் போனவர்.

1991இல் மோர்ஹவுஸில் உளவியல் பட்டம். பிறகு நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் முனைவர் பட்டம்வரை. அங்கே அவருடைய ஆசிரியர் ஜேம்ஸ் கோன், கறுப்பின விடுதலை இறையியலின் முன்னோடி. நம் நாட்டில் தலித் இறையியல் உருவானபோது அதற்கு ஊக்கம் தந்த சிந்தனைகளில் கோனின் சிந்தனையும் ஒன்று. ஹார்லெமின் புகழ்பெற்ற அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையில் உதவிப் போதகர், பால்டிமோரில் ஒரு சபையின் தலைமைப் போதகர் என்று படிப்படியாக வந்தார். 35 வயதில் எபெனேசர் அழைத்தது.

ஒருவர் செனட்டராகவும் போதகராகவும் எப்படி இருக்க முடியும்?

சட்டத்தில் தடையில்லை. 2021 ஜனவரி 5 அன்று நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலில் வென்று ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டரானார் வார்னாக். 2022 டிசம்பரில் மீண்டும் வென்றார். போதகர் பொறுப்பை விடவில்லை. இது புதிதும் இல்லை. 1870இல் செனட்டுக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் ஒரு மெதடிஸ்ட் போதகர். அபிசீனியன் சபையின் ஆடம் கிளேட்டன் பவல் ஜூனியர் போதகராக இருந்தபடியே 1945 முதல் காங்கிரஸ் உறுப்பினர்.

பீடத்தில் கட்சி அரசியல் ஏறிவிடாதா என்ற கவலை எனக்கும் உண்டு. சபையார் கண்காணிக்க வேண்டிய விஷயம் அது. ஆனால் 1918இலேயே வாக்குக்காகவும் பள்ளிக்காகவும் நின்ற சபை இது என்பதை மறக்க முடியாது. வெற்றி பெற்ற இரவில் வார்னாக் தன் அம்மாவை நினைவுகூர்ந்தார். அடுத்தவரின் பருத்தியைப் பறித்த அந்த 82 வயதுக் கைகள், தன் மகனைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்தன என்றார்.

இந்தச் சபைக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு?

1959 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கிங் ஜூனியர் மனைவி கொரெட்டாவுடன் ஏறக்குறைய ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார். சென்னை, காந்திகிராமம், மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று தெற்கிலும் வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டாமைக்குள்ளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றார். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டில் தன் மக்கள் வாழும் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டார். இந்த அனுபவத்தை அவர் எடுத்துச் சொன்னது எபெனேசர் பீடத்தில், 1965 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர நாளில்.

அட்லாண்டா போனால் பார்க்க முடியுமா?

முடியும். பழைய ஆலயம் இப்போது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில், 1960களில் இருந்த தோற்றத்துக்கே புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. கிங் பிறந்த வீடு அதே தெருவில் 501ஆம் எண், நடக்கும் தூரம்தான். அவரும் கொரெட்டாவும் அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆலயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு எதிர்ப்புறப் புதிய ஆலயத்துக்குப் போக வேண்டும். பழைய ஆலயத்தின் பெஞ்சில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியில் அவருடைய பிரசங்கப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். 1968 பிப்ரவரி 4 அன்று அங்கே அவர் செய்த பிரசங்கத்தில், தன் அடக்க நாளில் பரிசுகளையும் பட்டங்களையும் சொல்லவேண்டாம், பிறருக்கு ஊழியம் செய்ய முயன்றான் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 9 அன்று, அதே ஆலயத்தில் அவருடைய உடலுக்கு முன்னால் அந்தப் பதிவைத்தான் ஒலிக்கவிட்டார்கள்.